யூதாஸ் காட்டிக்கொடுப்பான்னு முன்னாடியே எழுதியிருந்தா அவன்மேல என்ன குத்தம்?

பாறசாலை டீச்சர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாறசாலைல சண்டே ஸ்கூல் பெரிய பிள்ளையளுக்கு கிளாஸ் எடுக்கேன், பாதிபேரு மலையாளம் மீடியம், அதனால பைபிள ரெண்டு பாஷையிலயும் விரிச்சு வச்சுதான் கிளாஸே நடக்கும். போன ஞாயிறு சகரியா 11ல உள்ள முப்பது வெள்ளிக்காசு, குயவன் எல்லாம் வாசிச்சு இயேசுவ காட்டிக்கொடுக்க அவரோட சீஷன் யூதாஸ் வாங்குன காசுல அது நிறைவேறுனத மத்தேயு 27ல காட்டினேன் (மத்தேயு அங்க எரேமியா பேர சொல்லுவாரு, அது தனிக் கதை). உடனே பத்தாங்கிளாஸ் பையன் ஒருத்தன் எந்திச்சு, அப்ப யூதாஸ் மேல என்ன தப்பு டீச்சர்னு கேக்கான். பக்கத்துல இருந்த பிள்ள, எல்லாம் முடிவாயிட்டுன்னா நாம எதுக்கு ஜெபிக்கணும்ங்கா. தேவரகசியம்னு சொல்லி மூடிவைக்க மனசு வரல, உதவுங்க.

குழித்துறைக்காரன்:
நல்ல பையன், அவன திட்டிராதீங்க. மாற்கு 14:21 எடுத்துக் கொடுங்க. எழுதியிருக்கிறபடியே நான் போறேன்னு இயேசு சொல்றாரு, அதே வசனத்துல காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஐயோன்னும் சொல்றாரு. யூதாஸ யாரும் பிடிச்சுத் தள்ளல, பணப்பையில கையாடிட்டு இருந்தவன்னு யோவான் 12ல இருக்கு, கடைசில அவனே ஆசாரியர் வீட்டுப் படியேறிப் போயி எனக்கு என்ன தருவீங்கன்னு கேட்டான். கர்த்தர் அவன் உள்ளத்த முன்னாடியே அறிஞ்சாரு, அதனால அந்த உள்ளம் அவனோடது இல்லாம ஆயிருமா?

மேல்புறம் அண்ணன்:
பாரசீக ராஜா கோரேஸையும் சேத்துச் சொல்லுங்க டீச்சர். ஏசாயா 45ல நீ என்னை அறியாதிருந்தும்னு கர்த்தர் அவன்கிட்ட சொல்றாரு. கி.மு. 539ல பாபிலோன் அவன் கையில விழுந்துச்சு, யூதர் ஊர் திரும்ப வழி திறந்துச்சு. 1879ல தோண்டி எடுத்த அவனோட களிமண் உருளை இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, அதுல அவன் ஜெயத்துக்கு பாபிலோன்காரங்களோட மர்தூக் சாமிக்குதான் நன்றி சொல்றான்! தன் அரசியல தான் பாத்துட்டு இருந்தவன்தான், ஆனா கர்த்தரோட வேலை நடந்துட்டு. ஒண்ணு மட்டும் கவனிங்க, அந்த உருளைல எருசலேம் பேரு கிடையாது, இருக்குன்னு சொல்லிராதீங்க. ஏசாயா 40க்குப் பிறகு உள்ளது யூதர் பாபிலோன்ல சிறையிருந்த காலத்துல எழுதினதுன்னு சொல்ற அறிஞர்களும் நிறைய பேரு உண்டு. பிள்ளைய போன்ல தேடும், மறைச்சா நம்ம பேச்ச அப்புறம் எதையும் நம்பாது. நான் ஏசாயாவே முன்கூட்டி சொன்னாருன்னு விசுவாசிக்கிறவன், இருந்தாலும் இத சொல்லியே கொடுப்பேன்.

நெய்யாற்றின்கரை ஆன்ட்டி:
ஜெபம் பத்தி கேட்ட பிள்ளைக்கு தானியேல் 9 போதும் மோளே. அந்த சிறையிருப்பு எழுபது வருஷம்னு எரேமியா எழுதினத தானியேல் வாசிக்காரு, நாள் நெருங்கிட்டுன்னு தெரியும், பின்ன எதுக்கு ஜெபம்னு சும்மா இருந்தாரா? இரட்டு (சாக்குத்துணி) உடுத்தி, சாம்பல்ல இருந்து உபவாசம் பண்ணி அழுதாரு. எரேமியா 29லயும் பத்தாம் வசனம் வாக்குத்தத்தம், பன்னிரண்டாம் வசனம் நீங்க வந்து விண்ணப்பம் பண்ணுவீங்க நான் கேப்பேன். அவங்க ஜெபிக்கிறதும் அந்த திட்டத்துக்குள்ளயேதான் இருக்கு.

பாறசாலை டீச்சர்:
ரொம்ப நன்றி ஆன்ட்டி, அண்ணன்மாரே. தானியேல்ல இருந்தே தொடங்குறேன். அடுத்தது எகிப்து ராஜா பார்வோன்ல வந்து நிப்பானுவ, யாத்திராகமம் 8:15ல அவனே மனச கடினப்படுத்தினான், 9:12ல கர்த்தர் கடினப்படுத்தினாரு. இத எப்படி எடுக்கீங்க?