குத்தகைக் குடும்பத்தின் முன்னோரைத் தேவாலயப் பதிவேட்டிலும் வரிக் கணக்கிலும் தேடுவது எப்படி?

கேள்வி (கும்பகோணம் வட்டம்):
வணக்கம். எங்களுடையது காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். பாட்டனாரின் தந்தை வரையில் பெயர் தெரியும். அவர் 1890களில் பிறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். பழைய பட்டாக்களிலும் செட்டில்மெண்ட் பதிவேட்டிலும் தேடிப் பார்த்தேன். எங்கள் குடும்பப் பெயர் ஓரிடத்திலும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அதே ஊரில்தான் பயிர் செய்து வந்தோம் என்பதில் ஐயமில்லை. இனி எங்கே தேடுவது?

பதில் 1 (ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர்):
பட்டாவில் பெயர் இல்லை என்பதால் குடும்பம் அவ்வூரில் இல்லை என்று கொள்ள வேண்டாம். 1799இல் தஞ்சை கம்பெனியாரின் ஆட்சிக்குள் வந்த பிறகும் நிலவரிக்குப் பொறுப்பாளிகள் பரம்பரை நில உரிமையுள்ள மிராசுதாரர்களே; குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்குக்கு) உழுதவர்களும் பண்ணையாட்களும் சர்க்காருக்கு நேரே வரி கட்டாததால், அந்தக் கணக்கில் அவர்கள் பெயர் வர வழியில்லை. ஆகவே அண்மைக் காலத்திலிருந்து தொடங்கிப் பழைய காலத்தை நோக்கிப் போங்கள். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி எழுதப்பட்ட பதிவேட்டில் உங்கள் தாத்தாவின் பெயர் இருந்தால், அதனருகே புல எண்ணும் நிலக்காரர் பெயரும் இருக்கும். அந்த நிலம் ஆதீனத்துக்கோ கோயிலுக்கோ உரியதாக இருப்பின், அவர்களுடைய குத்தகைக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பழைய கணக்குகளில் பசலி என்னும் வருவாய்த் துறை ஆண்டே இருக்கும். அதனுடன் 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும் (பசலி 1303 என்பது 1893 ஜூலையில் தொடங்குவது).

பதில் 2 (திருச்சி):
உங்களைப் போன்ற குடும்பத்துக்கு வரிக் கணக்கைவிடத் தேவாலயப் பதிவேடே நம்பகமான துணை, ஏனெனில் நிலம் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் அது எழுதி வைக்கிறது. முதலில், 1890களில் உங்கள் ஊர் எந்தப் பங்கின் (ஒரு பங்குத் தந்தையின் பொறுப்பிலுள்ள வட்டாரத்தின்) கிளைக் கிராமம் என்று விசாரியுங்கள்; புதிய பங்கு பிரிந்தாலும் பழைய ஏடுகள் பெரும்பாலும் தாய்ப்பங்கிலேயே தங்கிவிடும். கும்பகோணம் மறைமாவட்டம் 1899இல்தான் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; அதற்கு முன் உங்கள் பங்கு புதுச்சேரியின் கீழ் இருந்திருக்கலாம்.

பலர் கவனிக்காமல் விடும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ஞானஸ்நான ஏட்டின் ஓரக்குறிப்பு: 1908க்குப் பின் நடந்த திருமணங்களை அங்கே குறிக்க வேண்டும் என்ற திருச்சபை விதியால், வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களின் தடம் கிடைக்கிறது. மற்றொன்று, திருமண ஏடு. நம் பக்கத்தில் அத்தை மகளையும் மாமன் மகளையும் மணப்பது வழக்கம். திருச்சபையோ அதற்கு உறவுத்தடை விலக்கு, அதாவது நெருங்கிய உறவில் மணக்கச் சிறப்பு அனுமதி, கேட்கும். விலக்கு பெற்ற செய்தியோடு உறவு எவ்வளவு நெருக்கம் என்பதைக் காட்டும் படியும் எழுதப்பட்டிருந்தால், மணமக்களுக்குப் பொதுவான பாட்டன் பாட்டி யார் என்று தேட ஒரு பிடி கிடைத்துவிடும். வெறும் பெயர்களை நம்பினால் குழப்பந்தான், பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் ஊர் அல்லவா நம்முடையது!

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி ஐயா. எங்கள் ஊர் முன்பு கிளைக் கிராமமாகவே இருந்தது; தாய்ப்பங்குத் தந்தையைப் பார்க்கிறேன். பாட்டியின் தாயார் காரைக்காலிலிருந்து வந்தவர். அந்தப் பக்கம் வழி உண்டா?

பதில் 3 (பொறையாறு):
காரைக்கால் என்றால் உங்களுக்கு நல்ல காலம். பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் படங்களைப் பிரான்ஸ் நாட்டுக் கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கையெழுத்துப் பிரெஞ்சைப் படிக்கப் பொறுமை வேண்டும். பாட்டியின் தாயார் பிறந்த ஆண்டைத் தோராயமாகக் கணித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகளின் ஏடுகளைப் பாருங்கள்.