ஹார்டு குரோம் ஏற்றிய ஃபோர்ஜிங் பின் தோளில் உடைகிறது: கோளாறு எஃகிலா, மேற்பரப்பிலா?

டொங்காட் லேத்:
கரும்பு லோடரின் பிவட் பின் (மூட்டு திரும்பும் அச்சு). 4140 என்ற குரோம்-மாலிப்டினம் எஃகில் ஃபோர்ஜிங், கடினம் ராக்வெல் சி 33. 80 மி.மீ. விட்டம் தோளில் 65 ஆக இறங்குகிறது, மூலை ஆரம் 1.5. தேய்ந்த பின்களுக்கு 0.15 மி.மீ. ஹார்டு குரோம் ஏற்றி, கிரைண்டிங் செய்து திருப்பிப் போடுகிறோம். புதுப் பின் மூன்று சீசன் ஓடும். குரோம் ஏற்றியது பாதி சீசனிலேயே தோளில் உடைகிறது. முறிந்த முகத்தில் வளைவு வளைவாகக் கோடுகள், ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் படிகள். இன்னும் வலுவான 4340 எஃகுக்கு மாறினால் சரியாகுமா அண்ணா?

பைன்டவுன் பிளேட்டர்:
எஃகை மாற்ற வேண்டாம் தம்பி. வளைவுக் கோடு ஃபெட்டீக்கின் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் களைப்பு முறிவின்) கையெழுத்து. ஓரத்துப் படிகள், பல இடத்தில் ஒரே சமயம் விரிசல் பிறந்ததைக் காட்டுகின்றன. ஹார்டு குரோமில் பிறவியிலேயே நுண்விரிசல் உண்டு, உள்ளே இழுவிசையும் தேங்கி நிற்கும். அந்த விரிசல் அப்படியே அடி எஃகுக்குள் இறங்கும். இன்னும் வலுவான எஃகு போட்டால் இந்தப் பாதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

முதலில் மூலை ஆரத்தை 4-க்கு உயர்த்துங்கள், எதிர்ப் புஷ்ஷின் வாயையும் அதற்கேற்பச் சரிக்க வேண்டும். குரோமை மூலைக்குள் விடாதீர்கள். மாஸ்க் போட்டு நேர்ப்பகுதியிலேயே நிறுத்துங்கள். பழைய குரோமை உப்பு அமிலத்தில் கழற்றினால் ஹைட்ரஜன் எஃகுக்குள் போய் அதை நொறுங்கவைக்கும். காஸ்டிக் சோடாவில் பின்னை ஆனோடாக (நேர்மின் முனையாக) வைத்துக் கழற்றுவதே நல்லது.

வரிசை முக்கியம்: கிரைண்டிங், நைட்டால் சோதனை (நைட்ரிக் அமிலக் கரைசல் தடவிக் கருகலைப் பார்ப்பது), அழுத்தத் தணிப்புச் சூடு, ஷாட் பீனிங் (சின்னக் குண்டுகளை வீசி மேற்பரப்பை அமுக்குவது), அதன் பிறகே குரோம். குரோம் ஏற்றி முடித்த 4 மணி நேரத்துக்குள் 190 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைக்க வேண்டும்.

மரிட்ஸ்பர்க் மெட்டலர்ஜி:
மேலே சொன்னதோடு ஒரு சேர்க்கை. அந்த அடுப்புச் சூடு ஹைட்ரஜனை விரட்டும், ஆனால் குரோம் பூசிய எஃகின் ஃபெட்டீக் வலுவை அதுவே இன்னும் கொஞ்சம் குறைக்கும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் முன்னாலேயே பீனிங். பீனிங் செய்தாகிவிட்டால் 230 டிகிரிக்கு மேல் போகாதீர்கள், அமுக்கவிசை தளர ஆரம்பிக்கும். தேய்ந்த இடத்தை வெல்டிங்கில் நிரப்பும் பேச்சே வேண்டாம்.

இன்னொரு சந்தேகம்: தோள் முழுதும் கடையப்பட்டதா, ஃபோர்ஜிங்கின் கறுப்புத் தோல் எங்காவது மிச்சமா? கார்பன் எரிந்துபோன அந்தத் தோல் மெத்தென்றிருக்கும், விரிசல் அங்கேதான் சுலபமாகப் பிறக்கும். உடைந்த துண்டை அறுத்து, மெருகேற்றி, விளிம்பிலிருந்து 0.1 மி.மீ. இடைவெளியில் நுண்கடினம் எடுங்கள். விளிம்பை நோக்கிக் கடினம் சரிந்தால் காரணம் அதுவும்தான்.

டொங்காட் லேத்:
தோள் கடைந்ததுதான், கறுப்பு இல்லை. குரோமை விட்டுவிட்டு நைட்ரைடிங் (மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்குவது) போடலாமா?

மரிட்ஸ்பர்க் மெட்டலர்ஜி:
புதுப் பின்னுக்கு என் ஓட்டு அதற்கே. மேற்பரப்பில் அமுக்கவிசை தானாகவே வந்து நிற்கும். சுமார் 510 டிகிரியில் செய்வதானால், பின்னை முன்பே அதைவிட 30 டிகிரியாவது கூடுதலாக டெம்பர் (கடினமாக்கியபின் மறுசூடு) செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்பகுதி மெத்தென்றாகும். நைட்ரைடிங்குக்குப் பிறகு வளைவை நிமிர்த்தப் பிரஸ்ஸில் வைக்காதீர்கள், மேல்தோல் வெடிக்கும். ஆனால் தேய்ந்த அளவை அது திருப்பித் தராது. பழைய பின்னுக்குக் குரோம்தான் வழி.

டர்பன் கடற்காற்றையும் மறக்காதீர்கள். உப்பு அரித்த குழி ஒன்று விழுந்தால் பீனிங்கோ நைட்ரைடிங்கோ அந்த இடத்தில் பாதி வீண். சீசன் முடிந்து லோடர் நிற்கும் மாதங்களில் கிரீஸ் பூசி வையுங்கள்.

பைன்டவுன் பிளேட்டர்:
பீனிங் கடையில் "செய்தாச்சு" என்றால் நம்பாதீர்கள், அல்மென் பட்டையைக் கேளுங்கள் (அதே குண்டுவீச்சில் வைக்கும் சோதனைத் தகடு, அது எவ்வளவு வளைகிறது என்பதே பீனிங்கின் அளவு). ஏ வகைப் பட்டையில் 0.20 முதல் 0.30 மி.மீ. வளைவு போதும். நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் வளைவு 10 சதவீதத்துக்கு மேல் கூடாத இடம்தான் நிறைவு. குண்டின் விட்டம் மூலை ஆரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் மூலைக்குள் குண்டு சரியாகப் படாது. கடைசியில் குரோமைக் கிரைண்டிங் செய்யும்போது ஒரு பாஸுக்கு 0.01 மி.மீ. தாண்டாமல், கூலன்ட் நிறைய விட்டு எடுங்கள். அடியில் எஃகு கருகினால் குரோமுக்கு மேலிருந்து நைட்டாலால் கண்டுபிடிக்க முடியாது.