லேசர் படகில் மாஸ்ட் குழாய் ஒழுகுகிறது, மேலிருந்தே ரெசின் ஊற்றிவிடலாமா?

உப்புக்காற்று: வணக்கம். பழைய லேசர் (ஒருவர் ஓட்டும் சிறு பாய்மரப் படகு) ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, சென்னைத் துறைமுகத்துக்குள் ஓட்டுகிறேன். கரையேறிப் பின்பக்க அடைப்பைக் கழற்றினால் அரை வாளித் தண்ணீர் கொட்டுகிறது. ஹல்லில் (படகின் அடி உடலில்) விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. மாஸ்ட் (பாய்மரம்) செருகும் குழாய்க்குள் டார்ச் அடித்தால் அடியில் வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. குச்சியில் துணி சுற்றித் துடைத்தேன், ஃபைபர் இழையில் மாட்டிக்கொண்டு வர மறுக்கிறது. உள்ளே கொஞ்சம் ரெசின் ஊற்றினால் போதுமா?

பழையபாய்: தம்பி, ஊற்றுவதற்கு முன்னால் ஒழுகுவது அங்கேதானா என்று பாருங்கள். படகை மட்டமாக வைத்து, குழாயில் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். முழுக்க இறங்கினால் ஓட்டை அடியில். பாதியில் நின்றால் நின்ற மட்டத்தில்தான் விரிசல். இறங்கவே இல்லையென்றால் டேகர்போர்டு (நடுவில் கீழே இறக்கும் பலகை) செருகும் பெட்டி, தண்ணீர் வெளியேற்றும் பெய்லர், டெக்கும் (மேல்தளமும்) ஹல்லும் சேரும் ஓரம் என்று தேட வேண்டும்.

வலைக்காரன்: இதுக்கு ஏன் இவ்வளவு? காசிமேட்டில் ஃபைபர் வேலை செய்பவரைக் கூப்பிட்டு ரெண்டு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டச் சொல்லுங்க சார், முடிஞ்சுது.

பழையபாய்: மீன்பிடி படகுக்கு அது சரி. லேசர் மாஸ்டைக் கட்டிப்பிடிக்கக் கம்பி கிடையாது, பாயின் பாரம் மொத்தமும் அந்தக் குழாயில்தான் இறங்குகிறது. அடி விட்டுப்போனால் டெக்கையே பிய்த்துவிடும். காய்ந்த பழைய பாலியெஸ்டர் ரெசின் மேல் புது பாலியெஸ்டரை விட எப்பாக்ஸி ரெசின்தான் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எப்பாக்ஸிக்குச் சாதாரண மேட் வேண்டாம். அதன் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில்தான் கரையும், எப்பாக்ஸியில் விறைத்தபடியே நிற்கும். நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள்.

உப்புக்காற்று: நன்றி அண்ணே. சாயத் தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டது, பின்பக்கத் துளை வழியே சிவப்பாக வருகிறது. இனி?

பழையபாய்: அப்படியானால் அடிதான். மாஸ்டுக்குப் பக்கத்தில் டெக்கில் இன்ஸ்பெக்ஷன் போர்ட் (கைவிட மூடியுள்ள துளை) வெட்டுங்கள், ஆனால் குழாயை ஒட்டி வெட்டாதீர்கள், பாரம் தாங்கும் இடம் அது. உள்ளே நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, ஃபேன் வைத்து நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தின் மேல் ஒட்டினால் வேலை வீண். 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, குழாய் ஹல்லில் உட்காரும் மூலையைச் சுற்றிக் கெட்டியாகக் குழைத்த எப்பாக்ஸியைச் சரிவாகப் பூசி, அது இறுகுமுன் மேலே துணி ஒட்டுங்கள். தேய்ந்த பள்ளத்தை அப்புறம் குழாய்க்குள்ளிருந்து மெல்லிசாக நிரப்பினால் போதும். அதிகம் ஊற்றினால் மாஸ்ட் உயர்ந்துவிடும்.

எப்பாக்ஸியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில், நம் ஊர் வெயிலுக்கு மெதுவாக இறுகுவதைக் கேளுங்கள். ஒரே கப்பில் நிறையக் கலக்காதீர்கள், கையிலேயே சூடாகிப் புகையும்.

உப்புக்காற்று: திரும்பத் தேயாமலிருக்க?

பழையபாய்: மணல்தான் எதிரி. பாய் திரும்பும்போதெல்லாம் மாஸ்டும் குழாய்க்குள் திரும்புகிறது, இடையில் நாலு மணல் துகள் இருந்தால் அரைத்துவிடும். அடியில் டெஃப்லான் வட்டு போடுங்கள், மாஸ்ட் செருகுமுன் இரண்டையும் கழுவுங்கள்.

வலைக்காரன்: போர்ட் எத்தனை அங்குலம் சார்?

பழையபாய்: அஞ்சு போதும். கை முழங்கை வரை உள்ளே போகவில்லையென்றால் ஆறு.