மீனெண்ணெய்க் குளிசை புற்றுநோய்க் கலங்களைக் கொல்லுமா?

கொட்டாஞ்சேனை மருமகள்:
மாமிக்கு மார்பகப் புற்றுநோய், மஹரகமவில் கீமோ ஏற்றுகிறார்கள். மச்சாள் குடும்பக் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டிருக்கிறாள்: ஒமேகா-3 சாப்பிட்டால் புற்றுநோய்க் கலம் தானாகச் செத்துவிடுமாம், பெல்ஜியத்தில் கண்டுபிடித்தார்களாம். பாமசியில் பெரிய போத்தலே வாங்கியாச்சு. பாகற்காய் விதையை இடித்துக் கொடுக்கலாமா என்று வேறு கேட்கிறாள். இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

ஆய்வுகூடத் தம்பி:
முழுப் பொய் என்றால் பிரச்சினையே இல்லை அக்கா, பாதி உண்மை. கலச்சவ்வில் உள்ள, ஒமேகா-3 போன்ற பல்நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் இரும்பின் துணையோடு ஒட்சியேறி, அதாவது பழைய எண்ணெய் காறிப்போகிற அதே இரசாயனம்தான், சவ்வு சிதைந்து கலம் செத்துப்போகும். 2012இல் இதற்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். சாதாரணமாக ஜிபிஎக்ஸ்4 என்ற நொதியம் இதை நடக்க விடாது. 2021இல் வந்த பெல்ஜிய ஆய்வில், கட்டிக்குள் அமிலத்தன்மை கூடிய இடத்தில் இருக்கும் கலங்கள் மீனெண்ணெயில் உள்ள டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலத்தை அள்ளி எடுத்துக் கொழுப்புத் துளிகளாகச் சேர்க்கின்றன, சேர்க்க இடமில்லாமல் மிஞ்சும்போது சாகின்றன. எல்லாம் வளர்ப்புக் கலங்களிலும் எலிகளிலும்.

போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய் காறாமல் இருக்கப் பெரும்பாலும் விற்றமின் ஈ சேர்த்திருப்பார்கள். ஆய்வுகூடத்தில் ஃபெரோப்டோசிஸைத் தடுக்கவும் அதைத்தான் போடுகிறோம்! ஒலிவ் எண்ணெயின் ஒலியிக் அமிலமும் கலத்தை இந்தச் சாவிலிருந்து காப்பாற்றும், ஆக "நல்ல கொழுப்பு" என்ற கதையெல்லாம் இங்கே எடுபடாது.

வெள்ளவத்தை வாசகி:
பாகற்காய் விதையில், இதே விதமாகக் கலத்தைச் சாகடிக்கிற அல்பா-இலியோஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் இருப்பது சரிதான் தங்கச்சி, ஆனால் அந்த அமிலத்துக்காக எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது டங் எண்ணெய், மரத்தளபாடத்துக்குப் பூசுகிற சாமான். உரலை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடத்திய வைட்டல் ஆய்வின் முடிவும் 2018இல் வந்தது, தினம் 1 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் வருவது குறையவில்லை.

ஆய்வுகூடத் தம்பி:
அது நோய் வராமல் தடுக்குமா என்று பார்த்த ஆய்வு அக்கா, வந்தவர்களுக்கான சிகிச்சை வேறு கேள்வி. ஆனாலும் டொக்டரைக் கேட்காமல் ஒரு குளிசைகூட வேண்டாம்.

கொட்டாஞ்சேனை மருமகள்:
சரி, அடுத்த கிளினிக்குக்குப் போத்தலையும் கொண்டுபோகிறேன். சூடை மீன் குழம்பு கொடுக்கலாம்தானே?

வெள்ளவத்தை வாசகி:
தாராளமாக. கீமோ நேரத்தில் மீன் வாடை பிடிக்காமல் போகலாம், அப்படியென்றால் வற்புறுத்த வேண்டாம், முட்டையோ பருப்போ எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள்.