புதுப்பிப்பு: கூலண்ட் குறைவு எச்சரிக்கை, காரணம் கிடைத்தது

பழைய டீசல் காரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு என்று சிவப்பு விளக்கு மின்னிக் கத்துகிறது, கூலண்ட் டப்பாவைப் பார்த்தால் அளவு சரியாக நிற்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, அது தீர்ந்துவிட்டது.

ஹெட் கேஸ்கட் (என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும் என்று சிலர் பயமுறுத்தினீர்கள். பிரஷர் டெஸ்ட் செய்தாயிற்று, கசிவே இல்லை. அப்புறம் டப்பாவில் அளவைப் பார்க்கும் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு முனைகளையும் சின்னக் கம்பியால் இணைத்து இக்னிஷன் போட்டேன். விளக்கு அணைந்துவிட்டது! ஆக வயரிங்கில் கோளாறு இல்லை, டப்பாவுக்குள்தான். இந்த வகை சென்சாரில் மிதவை கிடையாது. கூலண்டில் மூழ்கியிருக்கும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே திரவம் வழியாக மின்சாரம் பாய்ந்தால் அளவு சரி, பாயாவிட்டால் காலி என்று கார் முடிவு கட்டிவிடும். என்ஜின் நன்றாக ஆறியபின் (சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிடும்) டார்ச் அடித்துப் பார்த்தேன், முனைகள் மேல் பழுப்பாக ஒரு படலம்.

டப்பாவைக் கழற்றி, வளைத்த டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கூலண்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி ஊற்றினேன். எச்சரிக்கை போயே போச்சு. வெறும் வடித்த நீர் மட்டும் ஊற்றாதீர்கள், அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, விளக்கு திரும்ப எரியலாம்.

மிதவை சென்சார் உள்ள கார்களில் இந்தக் கம்பிச் சோதனையை நம்பாதீர்கள், சிலவற்றில் விஷயம் நேர் எதிர். என் காரில் சென்சார் தனியாகக் கிடைக்காது, படலம் மறுபடி படிந்தால் டப்பாவையே மாற்ற வேண்டியதுதான்.