தூக்குப் பாலம் திறந்திருக்கும்போதும் சமிக்ஞை பச்சையாகவே நிற்கிறது

ஏறாவூர்ப் பயணி:
வணக்கம். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தை, அதன் இரண்டு இறக்கைகளும் மேலெழும் விதத்தில், புகையிரத சிமுலேட்டரில் அமைத்து வருகிறேன். இறக்கைகளின் அசைவு நன்றாக வந்துவிட்டது. ஆனால், அவை எழுந்து நின்று கப்பலுக்கு வழிவிடும் வேளையிலும் மண்டபம் என்ற ஊரின் பக்கத்துச் சமிக்ஞை பச்சையாகவே இருப்பதால், நேற்று என் வண்டி வெறும் வெளியில் ஓடி மறுகரையை அடைந்தது. பல மாத உழைப்பு இந்த ஓர் இடத்தில் பொய்த்துப் போவது வருத்தமாக இருக்கிறது. சமிக்ஞையைப் பாலத்தோடு எவ்வாறு பிணைப்பது?

கல்லடி வாவியோரம்:
பெரும்பாலான சிமுலேட்டர்களில் சமிக்ஞை கவனிப்பவை இரண்டுதான்: முன்னால் உள்ள பாதையில் வேறு வண்டி நிற்கிறதா, பிரிபாதை (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) எந்தப் பக்கம் திரும்பியுள்ளது என்பவை. இறக்கை எழுவது அதற்கு வெறும் காட்சி. ஆகவே, சமிக்ஞைக்கும் பாலத்துக்கும் இடையே ஒரு பிரிபாதையை வைத்து, மணல் மேட்டில் முடியும் குறும்பாதை ஒன்றை அதிலிருந்து பிரித்துவிடுங்கள். பாலம் திறக்கும்போது பிரிபாதையை மணல் மேட்டின் பக்கம் திருப்புங்கள். அது அப்படித் திரும்பியிருக்கும்போது பிரதான பாதைக்கான சமிக்ஞை பச்சையாகக் கூடாது. பாலம் 2 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது என்பதால், இதைக் கரையிலேயே வையுங்கள். பாம்பன் பக்கத்திலும் இதே ஏற்பாடு வேண்டும்.

கல்முனை வாசகன்:
எங்கள் ஊருக்குப் புகையிரதமே இல்லாததால் சிமுலேட்டரில்தான் என் ஆசை தீர்கிறது. நான் பாலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்றை நிறுத்தி, பாதையில் வண்டி இருப்பதாகச் சமிக்ஞையை நம்பவைக்கிறேன். வேலை எளிது.

ஓட்டமாவடி மூத்தவன்:
தம்பிமார் இருவரும் சொன்னவை சிவப்பு விளக்கைத் தரும். ஆனால் வண்டி நெருங்கிவிட்ட பின்னர் திடீரெனச் சிவப்பு விழுந்தால் ஓட்டுநரால் நிறுத்த முடியாது. எங்கள் ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் வாகனமும் புகையிரதமும் ஒரே தளத்தில் சென்ற காலத்தைக் கண்டவன் நான். வாகனங்களை மறித்த பின்னரே வண்டி பாலத்தில் ஏறும். தூக்குப் பாலத்திலும் ஒழுங்கு அதுவே: முதலில் சமிக்ஞை சிவப்பாக வேண்டும், நெருங்கிய வண்டி நிற்கவோ கடக்கவோ போதிய நேரம் கழிய வேண்டும், அதன் பின்னரே பூட்டுகள் விடுபட்டு இறக்கை எழலாம். மூடும்போது, இறக்கை இறங்கியதை மட்டும் பார்த்துப் பச்சை கொடுக்கக் கூடாது. 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிற்றியில், மூடப்பட்ட சுழல் பாலத்தின் தண்டவாளம் சரியாகப் படியாததால் வண்டி தடம் புரண்டு நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1993இல் அலபாமாவில் படகு மோதிப் பாலம் இடம்பெயர்ந்தபோதோ, வளைந்த தண்டவாளம் அறுபடாததால் அதன் வழியே செல்லும் சமிக்ஞை மின்சுற்று தொடர்ந்து ஓடி, சமிக்ஞை பச்சையாகவே நின்றது. 47 பேர் உயிரிழந்தனர். ஆகவே, இறக்கை இறங்கியது, தண்டவாளம் படிந்தது, பூட்டு விழுந்தது ஆகிய மூன்றையும் தனித்தனி நிபந்தனைகளாக எழுதுங்கள்.

ஏறாவூர்ப் பயணி:
மிக்க நன்றி ஐயா. பிரிபாதை முறையில் சிவப்பு விழுகிறது. இறக்கை எழும் முன் 3 நிமிடத் தாமதமும் சேர்த்துள்ளேன். காற்றையும் சேர்க்கலாமா?

ஓட்டமாவடி மூத்தவன்:
கட்டாயம் சேருங்கள். பாம்பனில் காற்று மணிக்கு 58 கிலோமீற்றரை எட்டினால் சமிக்ஞை சிவப்பாகிவிடும் ஏற்பாடு இருந்தது. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியைக் கண்ட நம் மட்டக்களப்பு மாவட்டத்தாருக்கு அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.