ட்ரையேஜுக்குத் தமிழ்: தரம்பிரிப்பா, நிலைபிரிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தருமபுரியில் செவிலியர் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டப்போகும் போர்ப்படத்துக்கான இரண்டு பக்கச் சொற்பட்டியல் தாளில், காயம்பட்டு வந்தவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் 'ட்ரையேஜ்' என்ற சொல்லுக்கு எதிரே இன்னும் வெற்றிடம்தான் இருக்கிறது. காவேரிப்பட்டணத்து அண்ணன் 'தரம்பிரிப்பு' என்றார். ஓசூர் அக்கா 'முன்னுரிமைப்படுத்தல்' என்றார். இரண்டையும் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அண்ணன் சொன்னதில் வரலாறு இருக்கிறது. பிரெஞ்சில் 'ட்ரியே' என்றால் பிரித்தெடுப்பது. காயம்பட்டவர்களிடம் வந்து சேரும் முன்பு அந்தச் சொல் ஆட்டு ரோமத்தையும் காப்பிக் கொட்டையையும் தரம் பார்ப்பதற்குத்தான் புழங்கியது. நம் மாங்காய் மண்டியில் நடப்பதும் அதுதானே. ஆனால் மண்டியில் பால் வடியாத, கறையில்லாத காய் முதல் கூடைக்குப் போகிறது, அடிபட்டது ஓரத்தில் ஒதுங்கிக் கேட்ட விலைக்குப் போகிறது. போர்முனை மருத்துவமனையில் இது தலைகீழ். காப்பாற்ற முடிகிறவர்களில் அதிகம் அடிபட்டவருக்குத்தான் முதல் கட்டில். நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே வலியுறுத்தியதும் இதைத்தான்: பதவியைப் பார்க்காமல் காயத்தைப் பார்க்க வேண்டும். தளபதி, சிப்பாய் என்ற தரத்தை ஒதுக்கிவைத்த முறைக்குப் போய்த் 'தரம்' என்று பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

'முன்னுரிமைப்படுத்தல்' பொருளில் பிழையில்லை. கோப்புக்கு நன்றாக இருக்கும். ரத்தம் வழிகிற இடத்தில் ஒரு சிஸ்டர் இன்னொரு சிஸ்டரிடம் குரல் கொடுத்துச் சொல்ல வராது.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் என் சித்தப்பா போன வேன் மீது லாரி மோதிய ராத்திரி, நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். எட்டுப் பேரை இறக்கினார்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதது சித்தப்பா. நர்ஸம்மா அவரிடம் நிற்கவில்லை. "நடக்க முடியுதில்லங்கண்ணா, அந்த பெஞ்சுல உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, சத்தமே இல்லாமல் கிடந்த ஒரு பையனிடம் குனிந்தார். அவன் விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த நகத்தில் ரத்தம் திரும்ப நேரமாயிற்று. "இவன செவப்புக்குத் தள்ளுங்க" என்றார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நம் அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் இருக்கிறதே, அந்தச் சிவப்பு. கால்மணி கழித்துச் சித்தப்பாவை மறுபடி வந்து பார்த்தார். "இவரு நிலைமை மாறிடுச்சு, உள்ள கூட்டிட்டு வாங்க."

அந்த 'நிலைமை'தான் எனக்கு வழி காட்டியது. மாங்காயின் தரம் கால்மணியில் ஏறி இறங்காது. ஆளின் நிலை மாறும், மாற மாறத் திரும்பப் பிரிக்க வேண்டும். அதனால் நிலைபிரிப்பு என்று முன்மொழிகிறேன். நிலைபிரித்தாள், நிலைபிரித்தாயிற்றா, நிலைச்சீட்டு, மறுநிலைபிரிப்பு என்று எப்படி வளைத்தாலும் வளைகிறது.

இதைவிட என்னைத் தூங்கவிடாதது வேறொரு சொல். படை மருத்துவம் காயம்பட்டவர்களை நான்காகப் பிரிக்கிறது. உடனடியாகப் பார்க்க வேண்டியவர், சற்றுப் பொறுக்கக்கூடியவர், சிறுகாயக்காரர். நான்காவது 'எக்ஸ்பெக்டன்ட்'. கையிலிருக்கிற ஆளையும் மருந்தையும் கொண்டு காப்பாற்ற முடியாதபடி அடிபட்டவர். நேராகப் பெயர்த்தால் 'எதிர்பார்ப்போர்' என்று வரும். பிள்ளைத்தாய்ச்சியையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள், நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. நம் முதல் வரைவில் 'நம்பிக்கையற்றோர்' என்று இருந்தது. அதை எடுத்துவிடக் கெஞ்சிக் கேட்கிறேன். கூடுதல் ஆளும் மருந்தும் வந்து சேர்ந்தால் அவரையும் மறுபடி நிலைபிரிப்பார்கள். அதுவரை அவருக்கு வலி அடங்க மார்ஃபின் உண்டு, தண்ணீர் நனைத்த துணி உண்டு, பிடித்துக்கொள்ள ஒரு கை உண்டு. அதுவும் சிகிச்சைதான். ஆகவே உடனிருப்பு நிலை என்று வைக்கலாம். மருந்துக்கு நான்கு கூறு சொன்ன வள்ளுவர் செவிலியரை 'உழைச்செல்வான்' என்கிறார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் போய் நிற்பவர் என்பதே அங்கே செவிலியருக்குப் பெயர்.

— தருமபுரியிலிருந்து

ஓசூர் அக்காவின் பதில்:

தம்பி, நிலைபிரிப்புக்குச் சம்மதம். படையில் 'நிலை' என்றால் காவலிருக்கும் இடம் என்றும் ஆகுமே என்று முதலில் யோசித்தேன். சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. உடனிருப்பில்தான் எனக்குத் தடை. இருபது வருஷமாக வார்டில் இருக்கிறேன். எங்களுக்கு 'உடனிருப்பவர்' என்றால் நோயாளிகூட வந்த அட்டெண்டர். அம்மா, பெண்டாட்டி, மச்சான். மாணவிகள் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

தருமபுரியிலிருந்து மறுபடி:

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் அந்தச் சொல்லையே கைவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிறகு படம் நடக்கும் இடத்தை நினைத்துப் பார்த்தேன். பிலிப்பைன்ஸில் பட்டான் தீபகற்பம், 1942. கூரையில்லாமல் மரத்தடியில் வரிசையாகக் கட்டில்கள். மலேரியா, பாதிச் சாப்பாடு. அங்கே அடிபட்டுக் கிடந்தவனுக்கு அம்மா இல்லை, பெண்டாட்டி இல்லை, மச்சான் இல்லை. அட்டெண்டர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த நர்ஸ்தான் உட்கார்ந்திருந்தாள். ஏப்ரல் 9-இல் பட்டான் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதற்கு முந்தைய இரவு, நோயாளிகளைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுக் கொரெஹிடோர் தீவுக்குக் கிளம்பும்படி செவிலியருக்கு உத்தரவு வந்தது. பட்டினியையும் குண்டையும்விட அந்த உத்தரவுதான் அவர்களில் பலருக்குக் கடைசிவரை ஆறவில்லை. 1943-இல் இந்தப் படம் திரைக்கு வந்தபோது, பிலிப்பைன்ஸில் பிடிபட்ட அமெரிக்கப் படைச் செவிலியர் 77 பேர் ஜப்பானியரின் முகாம்களில்தான் இருந்தார்கள். 1945 பிப்ரவரியில் 77 பேரும் உயிரோடு மீண்டார்கள்.

உங்கள் வார்டில் உடனிருப்பவர் என்றால் யாரோ, அதே பொருளில்தான் இந்தச் சொல்லை வைக்கிறேன், அக்கா. தாளில் அதற்கு எதிரே "வீட்டார் இல்லாத இடத்தில் செவிலியர் உடனிருக்கும் நிலை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீங்கள் ஒருமுறை திருத்திக் கொடுங்கள்.